போடியம் கோட்டை: மதிலைவிட அகழிக்குத்தான் வேலை அதிகம்

இங்கிலாந்துக் கோட்டை என்று இணையத்தில் தேடினால் முதல் வரிசையில் வந்து நிற்கிற படங்களில் ஒன்று போடியம். நாற்கரமாக ஓர் அகழி, நடுவில் நாலு மூலைக்கும் நாலு வட்டக் கோபுரம், தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கோட்டை. படத்தைப் பார்க்கிறவர்கள் மதிலைத்தான் பேசுவார்கள். ஆனால் கட்டியவரின் சாமர்த்தியத்தில் பாதிதான் மதிலில் இருக்கிறது. மீதி, ஒரு சரிவில் தண்ணீரைத் தேக்கி நிறுத்திய விதத்தில் இருக்கிறது. ஆகவே தண்ணீரிலிருந்தே தொடங்கலாம்.

லண்டனுக்குத் தென்கிழக்கே, கிழக்கு சசெக்ஸும் கென்டும் தொடுகிற எல்லையில் ராதர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் வடகரையில், ஆற்றை நோக்கித் தெற்கே சரிகிற மேட்டில் கோட்டை நிற்கிறது. உச்சியிலும் இல்லை, ஆற்றங்கரையிலும் இல்லை, சரிவின் நடுவில். போர்க் கண்ணோடு பார்த்தால் இது கோணலான தேர்வு. வடக்கே மேட்டில் ஏறி நின்றால் கோட்டையின் தலைக்கு மேலே பார்க்கலாம். ஆனால் தண்ணீர்க் கண்ணோடு பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சரிவில் பல ஊற்றுகள் இருக்கின்றன; சில ஊற்றுக்கண்கள் அகழியின் அடியிலேயே திறக்கின்றன. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை. வெள்ளத்தில் ஆறு கலங்கலாக ஓடினாலும், கோடையில் வற்றினாலும் அகழிக்கு அதனால் பாதிப்பு இல்லை.

சமதரையில் அகழி வெட்டினால் நாலு பக்கமும் தோண்டினால் போதும். சரிவில் அப்படி முடியாது. மேல்பக்கம் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும், எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகக் கொட்ட வேண்டும். போடியத்தில் நடந்தது அதுதான். தெற்கே நிற்கிற கரைதான் மொத்தத் தண்ணீரையும் தாங்குகிறது. நம் ஊர் ஏரிக்கரை எந்தத் தத்துவத்தில் நிற்கிறதோ அதே தத்துவம்: கரை உடைந்தால் ஏரி இல்லை. அகழியின் ஆழம் சராசரியாக 1.5 மீட்டர்தான், தென்மேற்குக் கோபுரத்தின் பக்கம் சுமார் 2 மீட்டர். படத்தில் பார்த்து ஏதோ பாதாளம் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆளை மூழ்கடிக்க அந்த ஆழம் போதாது என்பார்கள். மூழ்கடிப்பது அகழியின் வேலையே அல்ல.

ஒரு மத்தியகாலக் கோட்டையைப் பிடிக்கிறவர்களிடம் முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன: ஏணி சாத்துவது, சக்கரம் வைத்த மரக்கோபுரத்தை மதிலோடு அணைப்பது, சுரங்கம் தோண்டுவது. இவற்றில் மூன்றாவதுதான் கொடியது. மதிலின் அடியில் குடைந்து, மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, பிறகு அந்த முட்டுகளுக்குத் தீ வைப்பார்கள். முட்டு எரிந்ததும் மேலே இருக்கிற கோபுரம் தன் கனத்தாலேயே இறங்கிவிடும். பக்கத்து மாவட்டமான கென்டில் ரோசெஸ்டர் கோட்டையின் ஒரு மூலையை 1215இல் ஜான் மன்னன் இப்படித்தான் சாய்த்தான். தீ நன்றாகப் பிடிக்க 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி அவன் போட்ட உத்தரவு இன்றும் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் இந்த வித்தை பலிக்காது. குடைந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இதற்கு ஒன்றரை மீட்டர் தண்ணீரே தாராளம். மரக்கோபுரத்தை நகர்த்த வேண்டுமானால் முதலில் அகழியைத் தூர்க்க வேண்டும். சுள்ளிக்கட்டும் கல்லும் மண்ணும் வண்டி வண்டியாகக் கொட்டவேண்டும், அதுவும் மதில்மேல் இருக்கிறவர்கள் அம்பு விட்டுக்கொண்டிருக்கும்போது. ஏணிக்கு அடி ஊன்ற இடமே இல்லை, ஏனென்றால் மதில் நேராகத் தண்ணீரிலிருந்து எழும்புகிறது. அகழிக்கு அகலம்தான் ஆயுதம், ஆழம் அல்ல.

கட்டியவர்

எட்வர்ட் டாலிங்ரிட்ஜ் சசெக்ஸ்காரர். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூற்றாண்டுப் போரில் ராபர்ட் நோல்ஸ் என்ற தளபதியின் கீழ் பிரான்சில் சண்டையிட்டவர். அந்தக் காலத்தில் ‘சண்டையிட்டவர்’ என்றால் ஊர்களைக் கொள்ளையடித்தவர், பிணைப்பணம் வாங்கியவர் என்றும் படிக்க வேண்டும். நோல்ஸ் அதற்குப் பேர்போனவர். எலிசபெத் வார்டியூவைத் திருமணம் செய்ததில் போடியம் நிலம் வந்தது; பிரான்சில் சேர்த்த பணம் கல்லானது. ஊருக்குத் திரும்பிய பிறகு நாடாளுமன்றத்தில் சசெக்ஸின் பிரதிநிதியாகப் பலமுறை உட்கார்ந்தார். 1392இல் லண்டன் நகர மக்கள் மன்னனோடு முறைத்துக்கொண்டபோது நகரத்தை மேய்க்கும் பொறுப்பும் லண்டன் டவர் கோட்டையின் காவலும் சிறிது காலம் இவரிடம் வந்தன. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார்.

மன்னன் இரண்டாம் ரிச்சர்ட் 1385 அக்டோபரில் அவருக்குக் கோட்டை கட்டிக்கொள்ள உரிமம் கொடுத்தான். கடலுக்கு அருகே இருக்கிற அவருடைய மாளிகையைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் மதில் எழுப்பிப் பலப்படுத்தலாம், சுற்றுவட்டாரத்தைக் காக்கவும் எதிரிகளை எதிர்க்கவும் என்பது அதன் சாரம். இரண்டு இடத்தில் உரிமத்துக்கும் நிஜத்துக்கும் ஒட்டவில்லை. கடல் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய மாளிகையையும் அவர் தொடவில்லை. வேறு இடம் பார்த்து எல்லாவற்றையும் புதிதாக, ஒரே மூச்சில் கட்டினார். பயம் மட்டும் பொய்யில்லை. 1377இல் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்துக் கடற்கரையில் ரை துறைமுகத்தை எரித்திருந்தார்கள், 1380இல் அதன் அருகே வின்செல்சி ஊர் எரிந்தது. 1381இல் உழவர் கிளர்ச்சி வேறு. நிலம் வைத்திருந்தவர்களுக்கு எதிரி கடலுக்கு அப்பால் மட்டும் இருக்கவில்லை. அந்த நாளில் ராதர் ஆற்றில் படகுகள் போடியம் வரை வந்து போயின. ஆற்று வழியாக வருகிறவனைத் தடுக்க ஒரு கோட்டை என்ற வாதத்துக்கு இடம் இருக்கிறது.

ஆனால் அவருடைய மற்ற ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1383இல் போடியத்தில் வாரச்சந்தையும் வருடத் திருவிழாச் சந்தையும் நடத்த அனுமதி வாங்குகிறார். 1386இல் தன் மாவரைக்கும் ஆலைக்காக ராதர் ஆற்றுத் தண்ணீரைத் திருப்ப அனுமதி வாங்குகிறார். சந்தை, ஆலை, படகுத்துறை, கோட்டை எல்லாம் ஒரே திட்டத்தின் உறுப்புகள். கோட்டைக்குத் தெற்கே, கரைக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பிற்காலத்தில் குதிரைச் சண்டை விளையாடும் களம் என்று சொல்லிவந்தார்கள். அது ஆலைக்குத் தண்ணீர் தேக்கிய குளம். வீரக்கதை கேட்கிறவர்களுக்குக் குளம் சப்பென்று இருக்கலாம், ஆனால் ஆலை வருமானம் வந்தது அந்தக் குளத்திலிருந்துதான்.

வாசலுக்குப் போகிற வழி

இன்றைக்கு வடகரையிலிருந்து நேராக ஒரு மரப்பாலம் வாசலுக்குப் போகிறது. இது பிற்கால வசதி. முதலில் இருந்த வழியே வேறு. மேற்குக் கரையிலிருந்து நீளமான ஒரு மரப்பாலம் கிழக்கு நோக்கி வந்து, அகழிக்குள் இருக்கிற எண்கோண வடிவத் தீவில் முடியும். அந்தத் தீவில் சட்டென்று வலப்பக்கம், தெற்கே திரும்ப வேண்டும். அடுத்து ஒரு தூக்குப்பாலம், அதைக் கடந்தால் முன்வாசல் கட்டடம், அதற்கப்பால் மறுபடி பாலம், பிறகுதான் கோட்டை வாசல்.

இந்தத் திருப்பத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிழக்கே நடக்கிறவனுக்கு வலப்பக்கம் கோட்டை. கேடயம் இடக்கையில். ஆக, பாலம் முழுக்க அவன் கேடயம் இல்லாத பக்கத்தை மதிலுக்குக் காட்டிக்கொண்டே வரவேண்டும். விருந்தாளியாக வருகிறவனுக்கு அதே வழி வேறு வேலை செய்கிறது: கோட்டையின் முகம் முழுவதையும் தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தபடி நடந்து வந்த பிறகுதான் வாசலை அடைவான். ஒரே பாலம், இரண்டு பயன். தீவில் தோண்டிப் பார்த்தபோது ஒரு கழிப்பறை கிடைத்தது. அங்கே காவலர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான சான்று தேவையில்லை.

வாசலின் இரட்டைக் கோபுரத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியவை நிறைய. உச்சியில் கைப்பிடிச்சுவர் மதிலைவிட முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் அடியில் உள்ள இடைவெளிகள் வழியாக நேர்கீழே கல்லைப் போடலாம். கீழ்த்தளச் சுவரில் சாவித்துளை போல, மேலே வட்டமும் கீழே நீள்கோடுமாகவோ தலைகீழாகவோ சில துளைகள் தெரியும். அவை வில்லுக்கானவை அல்ல, கைப்பீரங்கிக்கானவை. 1380களில் பீரங்கி புதுச் சரக்கு. கோட்டை கட்டுகிறவர் அதற்கும் இடம் விட்டிருக்கிறார். வாசலுக்கு மேலே மூன்று கேடயங்கள், வார்டியூ, டாலிங்ரிட்ஜ், ராடிண்டன் குடும்பங்களுடையவை. அதற்கும் மேலே ஒற்றைக்கொம்புக் குதிரைத்தலை வைத்த தலைக்கவசம். கழுத்தை வளைத்து உள்ளே நுழையும் இடத்தில் பார்த்தால் மேலிருந்து இறங்கும் தடுப்புக்கதவின் அடிப்பல் வரிசை தெரியும்: ஓக் மரச்சட்டம், மேலே இரும்புத்தகடு. அது பழைய காலத்து மரமே. இவ்வளவு காலம் ஒரு வாசலில் இருந்த இடத்திலேயே தொங்குவது அபூர்வம். நுழைவழியின் மேல்வளைவில் வட்டத் துளைகள். முதல் கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவில் சிக்கியவன்மேல் சுடுமணலோ சுண்ணாம்புத்தூளோ கொட்ட அவை வசதி. கொதிக்கிற எண்ணெய் என்பது சினிமாக்காரர்களுக்குக் கட்டுபடியாகும், அந்தக் காலத்துச் சமையலறைக்கு அல்ல.

பின்வாசலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தெற்கு மதிலின் நடுவில் உள்ள சதுரக் கோபுரத்தில் அது இருக்கிறது. அங்கும் மூன்று கேடயங்கள், ஆனால் இரண்டு வெறுமை. நடுவில் இருப்பது பழைய தளபதி நோல்ஸுடையது. முன்வாசலில் குடும்பம், பின்வாசலில் படை. ஆற்றுப் படகுத்துறையிலிருந்து ஏறி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த முகத்தைத்தான்.

உள்ளே

வெளியிலிருந்து எல்லாம் ஒழுங்கு: மூலைக்கு ஒரு வட்டக் கோபுரம், மூன்று பக்கத்தின் நடுவிலும் ஒரு சதுரக் கோபுரம், நாலாவது பக்கத்தில் வாசல். மதிலின் பருமன் சுமார் 2 மீட்டர். உள்ளே நுழைந்தால் வெறும் முற்றமும் கூரையில்லாத சுவர்களும்தான். தனியாக ஒரு தலைமைக் கோபுரம் கிடையாது. மதிலின் உள்பக்கமாக நாலு புறமும் அறைகளை ஒட்டவைத்துக் கட்டிய வீடு இது.

தெற்குப் பக்கம் பெரிய கூடம், சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குச் சற்று மேல் அகலம். அதன் மேற்குச் சுவரில் மூன்று வளைவுகள் அப்படியே நிற்கின்றன. ஒன்று ரொட்டி வைக்கும் அறைக்கு, ஒன்று பானங்கள் வைக்கும் அறைக்கு, நடுவில் இருப்பது சமையலறைக்குப் போகும் வழி. சமையலறையில் எதிரெதிராக இரண்டு பெரிய அடுப்புவாய்கள். அதை ஒட்டிய தென்மேற்குக் கோபுரத்தின் அடித்தளத்தில் கிணறு, அதே கோபுரத்தின் உச்சியில் புறாக்கூண்டு. கிணறு, அடுப்பு, கறி எல்லாம் ஒரு மூலையில். திட்டம் போட்டவர் சமையல்காரர்களிடம் பேசியிருக்க வேண்டும். கிழக்குப் பக்கம் பிரபுவின் தனியறைகளும் சிற்றாலயமும். ஆலயத்தின் பெரிய சன்னலுக்காக மதிலையே கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் பணியாளர்களின் கூடம், அவர்களுக்குத் தனிச் சமையலறை. கூலிப்படையை நம்பாமல்தான் இப்படிப் பிரித்து வைத்தார் என்று பழைய ஆசிரியர்கள் எழுதினார்கள். பெரிய வீடு நடத்துகிற யாரும் இப்படித்தான் பிரிப்பார்கள் என்பது எளிமையான விளக்கம். எனக்கு அதுவே போதுமானதாகப் படுகிறது.

கழிப்பறைகள் 28. எல்லாம் மதிலின் பருமனுக்குள் செங்குத்தான குழாய்வழியாக நேரே அகழியில் இறங்கும். ஊற்று இடைவிடாமல் நீர் தந்து, மிகுதி வழிந்து போய்க்கொண்டிருக்கிற வரை தாங்கும். ஆனால் பரப்பைப் பார்த்தால் தண்ணீர் மாறுவது மெதுவாகத்தான். கோடையில், விருந்தாளிகள் நிறைந்த வாரத்தில், இன்று எல்லாரும் படமெடுக்கிற அந்தத் தண்ணீர் திறந்த சாக்கடைதான். குடிநீருக்குக் கிணறு தனியாக ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

போருக்கா, பார்வைக்கா

கடந்த நாற்பது ஆண்டுகளாக போடியத்தைப் பற்றி ஆய்வாளர்கள் போடுகிற சண்டை இதுதான். சன்னல்கள் பெரிது, பீரங்கித் துளைகளின் வீச்சு குறைவு, மதில்முகட்டுப் பற்கள் சிறிது, கரையை வெட்டினால் அகழி காலி. ஆகவே இது ஒரு பழைய படைவீரனின் கனவு வீடு என்று ஒரு கட்சி. 1980களின் கடைசியில் சுற்றுப்புற மண்மேடுகளை அளந்து வரைபடம் போட்டபோது அந்தக் கட்சிக்குப் பலம் கூடியது. குளங்களும் வடக்கு மேட்டில் இருந்து கோட்டையைப் பார்க்க அமைத்த மேடையும் ஒரு திட்டமிட்ட நிலக்காட்சியாகத் தெரிந்தன. இல்லை, நிஜப் பயத்துக்குக் கட்டிய நிஜக் கோட்டைதான் என்று மறு கட்சி.

கரையை வெட்டிவிடலாம் என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் கிண்டிப் பார்க்கலாம். வெட்டலாம்தான். ஆனால் அது மண்வெட்டியோடு அம்புக்கு எட்டும் தூரத்தில் நின்று செய்கிற வேலை. செய்து முடித்தாலும் கிடைப்பது தரை அல்ல, சேறு. இலையும் வண்டலும் 28 கழிப்பறையின் வரவும் சேர்ந்த அடிச்சேற்றில் கவசம் போட்டவன் இறங்கினால் முழங்காலுக்கு மேல் புதைவான். ஊற்றுக்கண் அடியிலேயே இருப்பதால் அது சீக்கிரம் காயவும் காயாது. வடிந்த அகழி நிறைந்த அகழியைவிடக் கடக்க எளிது என்று சொல்கிறவர்கள் தூர் வாரிய குளத்தில் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். அரசனின் முழுப்படை வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்தால் போடியம் தாங்காது. ஆற்றில் ஏறி வருகிற கொள்ளைக் கூட்டத்துக்கும் கிளர்ச்சிக் கூட்டத்துக்கும் தாராளமாகத் தாங்கும். அவர் பயந்ததும் இவர்களுக்குத்தான்.

சோதனை பெரிதாக வரவே இல்லை. 1483 நவம்பரில், கோட்டை லூக்னர் குடும்பத்திடம் இருந்தபோது, அதைப் பிடிக்கச் சொல்லி மூன்றாம் ரிச்சர்ட் ஆணையிட்டான். சண்டை நடந்ததாகப் பதிவு இல்லை. 1640களின் உள்நாட்டுப் போரில் உரிமையாளரான தானெட் பிரபு மன்னர் பக்கம் நின்று தோற்று, நாடாளுமன்றம் விதித்த அபராதத்தைக் கட்ட 1644இல் கோட்டையை விற்றார். அதற்குப் பின் பாலங்களும் முன்வாசலும் உள்கட்டடங்களும் பிரிக்கப்பட்டன. வெளிமதிலை விட்டுவிட்டார்கள். ஆக, போடியத்தை உடைத்தது எதிரி அல்ல, வாங்கியவர்கள்தான்.

அகழியை வடித்தவர்

1829இல் ஜான் ஃபுல்லர் என்பவர் ஏலத்தில் 3000 கினிக்கு (கினி என்பது அந்தக் கால இங்கிலாந்துப் பணக்கணக்கு) இடத்தை வாங்கினார். இடித்துக் கல்லாக விற்கப்படுவதிலிருந்து அது தப்பியது அவரால்தான் என்று சொல்வதுண்டு. அந்தப் பணத்தில் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்த பங்கும் இருக்கிறது. அடிமை முறையை நாடாளுமன்றத்தில் உரக்க ஆதரித்தவர் அவர். பிரெஞ்சு ஊர்களைக் கொள்ளையடித்த பணத்தில் எழுந்த கோட்டை இந்தப் பணத்தில் பிழைத்தது.

1917இல் வாங்கியவரை நமக்குத் தெரியும்: கர்சன் பிரபு. 1899 முதல் 1905 வரை இந்தியாவின் வைஸ்ராய், வங்கத்தைப் பிரித்தவர். தொல்லியல் துறைக்கு மறுபடி உயிர்கொடுத்ததும் 1904ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே ஆள்தான். இந்தியாவில் பழகிய அந்தப் பிடிவாதத்தைப் போடியத்திலும் காட்டினார். கட்டடக் கலைஞர் வில்லியம் வியரை வைத்து 1919இல் வேலை தொடங்கியது. முதல் வேலை அகழியை வடிப்பது. தண்ணீர் போனதும் சேற்றுக்குள்ளிருந்து தெற்கிலும் மேற்கிலும் இருந்த பழைய பாலங்களின் அடித்தாங்கிகள் வெளிப்பட்டன. மேற்கிலிருந்து வந்து திரும்பும் அந்த வழி நமக்குத் தெரிவது இதனால்தான். பிறகு மதிலில் படர்ந்த கொடிகளை அகற்றினார்கள், கல்லைச் சரிசெய்தார்கள், முற்றத்தில் மேடிட்டிருந்த மண்ணை எடுத்துப் பழைய தரைமட்டத்தைக் கண்டார்கள். தென்மேற்குக் கோபுரத்துக் கிணறும் அப்போதுதான் கிடைத்தது. கூரை போட்டு மறுபடி வீடாக்கவில்லை. இருப்பது இருந்தபடி நிற்கட்டும் என்று விட்டார். 1925இல் கர்சன் இறந்ததும் கோட்டை அவர் உயில்படி, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குப் போனது. 1970இல் அகழியை இன்னொரு முறை வடித்துச் சுத்தம் செய்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தைப் பராமரிப்பதில் ஓயாத தொல்லை இரண்டு. ஒன்று கரை. கரையில் பெரிய மரம் வளரவிடக்கூடாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கிய வழியே தண்ணீர் கசியும். முயல் வளை தோண்டினாலும் அதே கதை. இரண்டாவது கூரையில்லாத சுவரின் தலை. மழை மேலிருந்து சுவருக்குள் இறங்கும், குளிர்காலத்தில் உறையும், மணற்கல்லின் முகம் செதிலாகக் கழன்றுவிழும். சிமென்ட் வைத்து அடைத்தால் நிலைமை இன்னும் மோசம்: சிமென்ட் கல்லைவிட இறுக்கம், உள்ளே போன ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே வெளியேறி அதைத் தின்னும். அதனால்தான் இம்மாதிரி இடங்களில் சுண்ணாம்புக் காரையையே வற்புறுத்துகிறார்கள். போடியத்தில் கூடுதலாக வௌவால்கள். அவை குடியிருக்கும் இடங்களில் சட்டப்படி நினைத்த நேரத்தில் சாரம் கட்ட முடியாது.

போகிறவர்களுக்கு

லண்டன் சேரிங் கிராஸிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகும் ரயிலில் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கினால் மீதி சுமார் 8 கிலோமீட்டர், டாக்சியில் போகலாம். அவசரம் இல்லாதவர்கள் டென்டர்டன் ஊரிலிருந்து கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் நீராவி ரயிலில் வரலாம். போடியம் நிலையம் ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது, இறங்கி வடக்கே நடந்தால் கோட்டை. சுற்றியுள்ள வயல்களில் ஒருகாலத்தில் பீருக்கான ஹாப்ஸ் கொடி பயிரானது. கின்னஸ் நிறுவனத்துக்கே இங்கே தோட்டங்கள் இருந்தன. ஆற்றுப்பாலத்தின் அருகே ரோமானியர் காலத்துச் சாலையும் துறையும் இருந்திருக்கின்றன. கோட்டை வளாகத்தில் 1940இல் கட்டிய கான்கிரீட் காவல் அறை ஒன்று நிற்கிறது. ஜெர்மானியர் படையெடுத்தால் ராதரைக் கடக்கும் இடத்தைச் சுட்டுத் தடுக்கக் கட்டியது. டாலிங்ரிட்ஜின் கோட்டையைவிட அசிங்கம், ஆனால் குறி சரியாக ஆற்றைப் பார்க்கிறது.

உள்ளே நேராக ஓடாதீர்கள். முதலில் தெற்குக் கரைமேல் நடந்து, ஒரு பக்கம் அகழியின் நீர்மட்டத்தையும் மறுபக்கம் கீழே இறங்கும் பள்ளத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கரை எவ்வளவு தாங்குகிறது என்பது அங்கேதான் புரியும். பிறகு மேற்குக் கரைக்கு வந்து பழைய பாலம் தொடங்கிய இடத்திலிருந்து எண்கோணத் தீவைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பி வாசலுக்குப் போங்கள். சுழல்படிகள் குறுகல், நடு தேய்ந்து குழிந்திருக்கும். இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு அகலமான வெளி ஓரத்தில் கால்வைத்து ஏறுங்கள், மழை நாளில் வழுக்காத செருப்பு முக்கியம். தண்ணீரில் கோட்டை முழுதாகத் தெரிகிற படம் வேண்டுமானால் காற்று எழும்புமுன் காலையிலேயே எடுத்துவிடுங்கள். நீராவி ரயில் குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது; கிளம்பும் முன் அட்டவணையைப் பாருங்கள்.